ஏறுபாசி

பாரத்தில் ஒரு கட்டம்: ரகத்தின் பெயர்.
ஊட்டி மலர்க் காட்சிக்கு இன்னும் ஒன்பது நாள்.
நர்சரிக் கணக்குப்பிள்ளை நான்.
பதியன் எண்ணத் தெரியும்,
பேர் வைக்கத் தெரியாது.

கோத்தகிரி டான்டீ லைனில், பன்னிரண்டாம் வீட்டுக்
கக்கூஸ் தகரத்தில் தொற்றி
ஓட்டைத் தாண்டிக் கரண்டுக் கம்பிவரை போயிருக்கிறது
அந்த ரோஜா.
மொட்டெல்லாம் பாசி.
தொட்டியில் வழுக்குகிற பாசி இல்லை;
விரலில் ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்பது.
மோந்தால் பைன் பிசின், கொஞ்சம் நார்த்தங்காய்,
கொஞ்சம் நேற்று வார்னிஷ் அடித்த பெஞ்சு.

பழைய கேட்டலாக்கைப் புரட்டினேன்.
பாசி ரோஜா என்றால் புதர். இடுப்பளவு.
எங்கோ, எந்த வருஷமோ,
ஒரு புதரின் ஒரு கிளைக்கு மட்டும்
நிறுத்துமிடம் மறந்துவிட்டது.
யாரும் மகரந்தம் தூவவில்லை.
மற்றவை பூத்துக்கொண்டிருக்க
இது பூவை ஒத்திப்போட்டு உயரத்தை எடுத்தது.
வெட்ட வந்து, வெட்டாமல் போன ஒரு தோட்டக்காரன்
இருந்திருக்க வேண்டும்.
கேட்டலாக்கில் அவன் இல்லை.
ஒரு துரைசானி பேர் இருக்கிறது, அச்சுப்பிழையோடு.

தவமணியிடம் இருப்பது வேறு வரலாறு.
நுவரெலியாப் பக்கம், பெரிய துரை பங்களா பின்சுவர்.
எழுபத்திரண்டு. கப்பலுக்கு மூணு நாள் முந்தி
கவ்வாத்துக் கத்தியால் ஒரு சாண்.
உருளைக்கிழங்கில் குத்தி, பிள்ளைத்துணியில் சுருட்டி.
தலைமன்னாரில் பெட்டியைக் கவிழ்த்தார்கள்.
தோட்டை எடுத்தார்கள், தேயிலைப் பொட்டலத்தை எடுத்தார்கள்.
கிழங்கைப் பார்த்து ஒருவன்,
'பசிக்கும், வச்சுக்க' என்றானாம்.
மண்டபம் முகாமில் பதினேழு நாள்.
கிழங்குதான் முதலில் முளைக்கப் பார்த்தது.
"அதோட கண்ணையெல்லாம் நகத்தால நோண்டிட்டேன் சார்,
அது பொழச்சா இது செத்துரும்."

போன வருஷம் முதலாளி நாற்பது குச்சி வெட்டச் சொன்னார்.
வேர் பிடித்தது நாற்பதும்.
ஏறியது மூன்று.
மிச்சமெல்லாம் இடுப்பளவில் நின்று
சாதுவாகப் பூத்தன.
"போலி ரகம்" என்று முதலாளி கத்திய மாலை
நோட்டைத் திருப்பிப் பார்த்தேன்:
முப்பத்தேழு, அடித்தூரில், உட்கார்ந்தபடி,
கையெழுத்து ஆரோக்கியம்.
மூன்று, தகரத்தின் மேலிருந்து,
பந்து எடுக்க ஏறிய அவன் மகன்.

அடித்தூருக்குப் பழைய புதர் ஞாபகம்.
உச்சிக்கு அது கிடையாது.

"உங்க பேரையே போட்டுரட்டுமா?" என்றேன்.
தவமணி ரேஷன் கார்டை நீட்டினாள்.
மண்டபத்தில் எவனோ எழுதியது, இன்றுவரை அப்படியே:
தாவமணி.
"எதைப் போடுவீங்க?
எதுவும் வேணாம் சார்.
பேரு வந்தா அட்ரஸ் வரும்,
அட்ரஸ் வந்தா கரண்டு ஆபீஸ்காரன் அருவாளோட வருவான்."

சாயங்காலம் மேஜையில் பாரம்.
நிறம், எழுதினேன். வயது, தோராயமாக.
பெயர்க் கட்டத்தின் மேல் விரலை வைத்து
யோசித்துக்கொண்டிருந்தேன்.
எடுத்தபோது தாளும் கூட வந்தது.
பிரித்துப் பார்த்தால்
கட்டத்துக்குள் கட்டைவிரல் ரேகை,
பழுப்பாய், பிசுபிசுப்பாய்.

அழிக்க ரப்பர் தேடினேன்.
பிறகு மோந்து பார்த்தேன்.
அப்படியே மடித்து உறையில் போட்டேன்.
ஒட்டப் பசை தேவைப்படவில்லை.