களக்குறிப்பு

ராத்திரி ரெண்டு மணிக்குக் கோழி பிடிக்கிற வேலை.
நீல பல்பு வெளிச்சத்தில் அதுகளுக்குக் கண் தெரியாது.
கைக்கு நாலு, தலைகீழாக.
கூண்டுக்குப் பத்து.
எடையை நான் சொல்ல மேஸ்திரி எழுதுவார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மானிடவியல்.
பல்லடத்தில் உரக்கடைக்கு மேல்மாடி,
சமுதாயக் கல்லூரி, ஒரு வருட டிப்ளமோ.
டேலி வகுப்பில் இடமில்லை.
இதில்தான் காலி இருந்தது.
"மானிடவியல்னா என்னங்க?"
"மனுசனப் பத்திங்க" என்றார் ரசீது போட்டவர்.
கோழியைப் பத்தித்தான் தெரியும்,
இதையும் பார்த்துருவோம், போடுங்க என்றேன்.

மூன்றாம் வாரம் குலக்குறி.
எங்கோ ஒரு தீவில் ஒரு கூட்டம் ஆமையைத் தின்னாதாம்.
தெய்வசிகாமணி கை தூக்கினான்.
"மேடம், நாங்க காடைக் கூட்டமுங்க.
கூட்டத்துக்குள்ளயே பொண்ணு எடுக்க மாட்டோம்."
ஞானசௌந்தரி மேடம் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார்.
பாடம் தீவிலிருந்து பஸ் ஏறிப் பல்லடம் வந்துவிட்டது.
முன் பெஞ்சில் ஆந்தைக் கூட்டம் ஒருத்தி.
ஆளுக்கொரு பறவை சொன்னார்கள்.
என் பக்கம் யாரும் திரும்பவில்லை,
திரும்பாமலே பார்த்தார்கள்.
எங்களுக்கும் கூட்டம் உண்டு.
அதைச் சொன்னால்
அதற்கு முந்தின கேள்விக்கும்
பதில் சொன்னதாகிவிடும்.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
முந்தின ராத்திரி மட்டும்
ரெண்டாயிரத்து நானூறு பறவை
என் கை வழியே போயிருந்தது.

அப்புறம் ஒரு நாள் மூக்கு.
வெள்ளைக்கார அதிகாரிகள் மூக்கை அளந்து
ஜாதியைத் தரம் பிரித்தார்களாம்.
"தப்பான விஞ்ஞானம். எப்படித் தப்புன்னு
நாமே செஞ்சு பாத்துருவோம்" என்றார் மேடம்.
லேத்துப் பட்டறையில் இரவல் வாங்கின வெர்னியர்.
சீட்டுக் குலுக்கியதில் எனக்குத் தெய்வசிகாமணி.

அவன் முகத்துக்கு முன்னால்
என் விரல் ரெண்டு நொடி நின்றது.
மூன்று சோப்புப் போட்டாலும் தீவன வாசம் போகாது.
முப்பத்தெட்டு மில்லிமீட்டர்.
அவன் என்னை அளந்தான்.
முப்பத்தெட்டு.
வெர்னியரைப் பெஞ்சில் தட்டினான்.
"ஸ்க்ரூ லூசுங்க மேடம்."
மறுபடியும் முப்பத்தெட்டு.
யாரோ சிரித்தார்கள்.
அவனும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக.
பழியைச் சுமந்துகொண்டு
வெர்னியர் பட்டறைக்குத் திரும்பிப் போனது.

அந்த வார வீட்டுப்பாடம்:
ஓர் இடத்தை ஒரு மணி நேரம் பார்க்க வேண்டும்.
கருத்து கூடாது, கண்டது மட்டும்.
வேலை முடிந்து வேன் இறக்கிவிடுகிற
டீக்கடையை எழுதினேன்.

ஆறு பத்து. பெஞ்சில் நாலு பேர். கண்ணாடி டம்ளர்.
ஆறு பதினைந்து. சைக்கிளில் ஒருவர். பேப்பர் கப்.
ஆறு இருபத்திரண்டு. மொபெட்டில் ஒருவர். டம்ளர். கணக்கில் எழுதச் சொல்கிறார்.
ஆறரை. பனியன் கம்பெனி வேன். ஒடிசாப் பையன்கள் ஆறு பேர். பேப்பர் கப்.
ஆறு முப்பத்தொன்று. ஒரு பையன் பெஞ்சில் உட்காருகிறான்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
ஆறு முப்பத்திரண்டு. பெஞ்சில் அவன் மட்டும்.
ஆறு நாற்பது. "சுகாதாரத்துக்குத்தானுங்க கப்பு" என்கிறார் கடைக்காரர்,
யாரும் கேட்காமலே.

பத்துக்கு ஒன்பது போட்டிருந்தார் மேடம்.
ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்வி:
நீங்கள் எங்கே நின்று பார்த்தீர்கள்?

ரெண்டு நாள் நோட்டைத் திறக்கவில்லை.
மூன்றாம் நாள் விடிகாலை,
லாரிக்குத் தார்ப்பாய் கட்டுகிற நேரத்தில்
செல்போன் வெளிச்சத்தில் எழுதினேன்.

கரண்டுக் கம்பத்துக்குப் பக்கத்தில்.
எப்போதும் நிற்கிற இடம்.
ஆறு ஐந்து. நான். பேப்பர் கப்.

நேரப்படி அதுதான் முதல் வரி.
மேலே இடமில்லை.
தலைப்புக்கும் தேதிக்கும் நடுவில்
இடுக்கி எழுதினேன்.