முப்பது நொடி

நான் மைக்செட் கட்டியவன்.
செல்லூரில் காதுகுத்து, சடங்கு,
முளைப்பாரி, இழவு
எந்த வீட்டுக்கும் சத்தத்தை
வாடகைக்கு விட்டவன்.

ஜெசிந்தா வந்து கேட்டது சத்தம் இல்லை.
"பேட்டி முடிஞ்சதும் முப்பது நொடி
சும்மா ஓடவிடணும்ணே.
அந்த எடம் பேசாம இருந்தா
எப்படி இருக்கும்னு எனக்கு வேணும்."
கிறுக்கச்சி என்று நினைத்தேன்.
நாளுக்கு முந்நூறு, அதிலும் பாதி கடன்.
போனேன்.

இருபத்திரண்டு வருஷம்.
ஒன்பது படம், ஒன்றும் தியேட்டருக்கு வரவில்லை.
என்னிடம் சேர்ந்திருப்பவை
நானூற்றுப் பன்னிரண்டு மௌனங்கள்.

மேலூர்ப் பக்கம்
மலை இருந்த பள்ளத்தில் பச்சைத் தண்ணீர்.
முன்பணத்துக்குக் கல்லுடைத்த காசிமாயன்
கணக்கு நோட்டை மூடி வைத்த பிறகு
தூரத்தில் ஒரு லாரி கியர் மாற்றுகிறது.
அவர் நெஞ்சுக்குள் தூள் உரசுகிறது.
எந்த ஃபில்டரிலும்
அதை மட்டும் பிரிக்க முடியவில்லை.

பைபாஸ் ரோட்டில்
பாதாளச் சாக்கடை மூடியருகே
சடையாண்டி கழற்றி மடித்து வைத்த சட்டை.
பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது.
முப்பது நொடி என்று சொல்ல
அவளுக்கு வாய் வரவில்லை.
நிறுத்த எனக்குக் கை வரவில்லை.
அது நாலு நிமிஷம் ஓடியிருக்கிறது.

திருமங்கலம் தாண்டி ஓர் ஊர்.
பிணத்தை வயல் வரப்பில்
ஒற்றை ஆளாய்ச் சாய்ந்து சாய்ந்து தூக்கிப் போகிற சனம்.
இருளாயி கேமராவைப் பார்க்காமல்
அவளைப் பார்த்துக் கேட்டாள்:
"ஆறு தடவ வந்து படம் புடிச்சிட்ட.
சுடுகாட்டுக்குப் பாத வந்துச்சா தாயி?"

பதினொரு நொடி.
ஜெசிந்தா பதில் சொல்லவில்லை.
எடிட்டில் வெட்டிவிடலாம் என்றேன்.
"அதுதாண்ணே என் பேட்டி" என்றாள்.

சான்றிதழ்க்காரர்கள் கடிதம் போட்டார்கள்.
ஊர்ப்பெயர் ஓரிடம், சாதிப்பெயர் நாலிடம்
ஊமையாக்கவும்.
அந்தச் சொல்லே இருந்தது, ஊமையாக்கவும்.

வெறும் ஊமை வைத்தால்
ஸ்பீக்கர் செத்ததுபோல் இருக்கும்.
பழைய பெட்டியைத் திறந்து
அந்த ஊரின் முப்பது நொடியை எடுத்தேன்.
இருளாயியின் வெள்ளாடு, எட்டத்தில் பம்புசெட்,
கருவேலங்காட்டில் காற்று.
ஐந்து இடத்திலும் அதை ஒட்டினேன்.
சட்டப்படி ஊமைதான்.

அந்த ஊரிலேயே போட்டுக் காட்டினோம்.
இரண்டு கம்பத்துக்கு நடுவே வேட்டி,
அடகிலிருந்து மீட்டு வந்த புரொஜெக்டர்.
திரையில் வாய் அசைகிறது,
பெயருக்குப் பதில் ஆடு கத்துகிறது.
ஒரு பொடியன்தான் முதலில் சிரித்தான்.
சிரித்துவிட்டு ஊர்ப்பெயரைச் சொன்னான்.

அடுத்த ஓட்டைக்கு நாலைந்து பேர்.
அதற்கடுத்ததற்குப் பெண்கள் பக்கம் மொத்தமும்
தங்கள் பெயரைத் தாங்களே,
வசவாக மட்டும் கேட்டுப் பழகிய பெயரை,
ரேஷன் கடையில் அட்டை எண் சொல்வதுபோல்
உரக்கச் சொன்னது.
கடைசி ஓட்டை வந்தபோது
ரோட்டோரம் பைக்கில் சாய்ந்து நின்றவர்கள்
இன்ஜினை அணைத்தார்கள்.

ஏன் அணைத்தார்கள் என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.
காதில் ஹெட்போன் இருந்தது,
பதிவாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

பாதை வரவில்லை.
மனு, அமைதிக் கூட்டம், மறுபடி மனு.
ஜெசிந்தாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது,
ஆனையூர் மாடிவீட்டுக்கு மூன்று மாத வாடகை பாக்கி,
விருது என்று வந்த பித்தளைத் தட்டில்
வெங்காயம் வைத்திருக்கிறாள்.

இன்று காலை ஆறு மணிக்கு
இருளாயி போன் செய்தாள்,
சர்வேயர் வந்து நிற்கிறாராம்.
அளப்பாரோ, டீ குடித்துவிட்டுப் போவாரோ.
ஜெசிந்தா ஹெல்மெட்டைத் தேடுகிறாள்.
நான் பேட்டரியை நாக்கில் வைத்துப் பார்க்கிறேன்.

நானூற்றுப் பன்னிரண்டிலும் தேடிவிட்டேன்.
நிலத்தில் அளவுச் சங்கிலி இழுபடும் சத்தம்
என்னிடம் இல்லை.