ஏமாற்றம் எனக்குப் புரிகிறது

கையால் எறிகிறார்கள், மார்போடு அணைத்து ஓடுகிறார்கள்,
எப்போதாவது ஒருவன் வந்து உதைத்துவிட்டுப் போகிறான்.
அதற்குப் பெயர் கால்பந்து.
பயிற்சியின் முதல் நாள் இதற்குச் சிரித்த அமலோற்பவத்தை
டீம் லீடர் வெளியே நிற்கவைத்தார்.

புதுச்சேரி நூறடிச் சாலை, மூன்றாம் மாடி, இரவு எட்டரை.
டொலீடோ கொக்குகளின் சீசன் டிக்கெட்காரர்கள்
திட்டுவதற்கென்று ஒரு எண் உண்டு.
அது என் காதில் வந்து முடியும்.

பயிற்சியாளனை விரட்டு என்பான் ஒருவன்.
அந்தப் பொடியனை விற்றீர்களே, இப்போது
எதிரி ஊருக்காக எப்படி எறிகிறான் பார் என்பாள் ஒருத்தி.
அப்பன் காசில் டீம் வாங்கியவனுக்கு
பனியில் உட்கார்ந்து பார்க்கிறவன் வயிறு தெரியுமா?
தெரியாதுதான். ஆனால் சொல்லக் கூடாது.
உங்கள் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது, சார்.
இதை ஏழு விநாடிக்குள் சொல்ல வேண்டும்.
எட்டானால் மார்க் குறையும்.

அங்கே நான் ஜேசன்.
பெண்ணையாறு தாண்டி மஞ்சக்குப்பத்தில் இறங்கினால்
தணிகாசலம்.
விடியலில் வேன் சுண்ணாம்பாற்றுப் பாலம் ஏறும்போது
நிஜக் கொக்கு ஒன்று சேற்றில் நிற்கும்.
எங்கள் டீமைவிட அது அதிகம் பிடித்தது.

எங்கள் டீம்.
எப்போது இப்படிச் சொல்ல ஆரம்பித்தேன்?

ஞாயிறு இரவு பதினொன்றரைக்குச் செல்போனைச்
சொம்பில் சாய்த்து வைத்துப் பார்ப்பேன்.
தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தவனிடம்
பாதித் தூக்கத்தில் வேதவல்லி கேட்டாள்,
யார் வீட்டுச் சாவு?

பத்து கஜம், நான்கு வாய்ப்பு.
மூன்றில் முடியாவிட்டால் நான்காவதில்
பந்தை எதிரியிடமே உதைத்துக் கொடுத்துவிடுவார்கள்.
அப்போதுதான் புரிந்தது பெயர்க்காரணம்:
இந்த ஆட்டத்தில் கால் இருப்பது
கைவிடுவதற்கு.

கேரி. பிரிவு 114, வரிசை ஜி, இருக்கை ஏழு.
ஒவ்வொரு ஜனவரியும் ரத்து செய் என்று கத்துவார்,
இருபத்தாறு வருஷ டிக்கெட்டை.
ஒவ்வொரு மார்ச்சும் சத்தமில்லாமல் பணம் கட்டிவிடுவார்.
ஒரு தடவை குரலை இறக்கிக் கேட்டார்:
நீயே சொல் ஜேசன், ஒன்றரை கஜம், நான்காவது வாய்ப்பு,
நீயாக இருந்தால்?
உதைத்திருக்க மாட்டேன் சார்.
அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு,
அப்படிச் சொல்லுடா.
(டா என்று நான் கேட்டுக்கொண்டேன்.)
பதிவைக் கேட்ட மேலிடம் எழுதியது:
சொந்தக் கருத்து, மைனஸ் பன்னிரண்டு.

அந்த வருஷம் பதின்மூன்று தோல்வி.
முதலாளி பயிற்சியாளனை மாற்றவில்லை.
மகனை மாற்றவில்லை.
எங்களை மாற்றினார்.
ரசிகர் திருப்தி போதவில்லையாம்.
நாற்பது பேர் அடையாள அட்டையைக் கழற்றி
ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டோம்.
ஹெச்ஆர் பெண் அந்த வரியைத் தமிழில் சொன்னாள்.
தமிழில் அது அவ்வளவு நன்றாக இல்லை.

இப்போது திருப்பாதிரிப்புலியூரில்
உரக்கடைக் கணக்கு எழுதுகிறேன்.
போன ஜனவரி, பொட்டாஷ் மூட்டைமேல் உட்கார்ந்து
அந்த எண்ணுக்கு நானே போட்டேன்.
எந்த ஊரோ, எடுத்த பெண்ணுக்குப் பின்னால்
சேவல் கூவியது.
பொடியன், பயிற்சியாளன், முதலாளி, நான்காவது வாய்ப்பு,
ஆறு வருஷத்தையும் மொத்தமாகக் கொட்டினேன்.
ஐந்தே விநாடியில் சொன்னாள்,
உங்கள் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது.
அவசரப்படாதேம்மா, ஏழு வரை நேரமிருக்கிறது,
ஏமாற்றம் என்கிற இடத்தில் கொஞ்சம் மூச்சு விடு,
ஆள் அடங்கிவிடுவான் என்றேன்.

உங்கள் இருக்கை எண் சார்?

எனக்கு ஏது. வாயில் வந்ததைச் சொன்னேன்:
114, ஜி, எட்டு.
விசைகள் தட்டும் சத்தம்.
எட்டு யார் பெயரிலும் இல்லை சார்,
பக்கத்து ஏழுகூட இன்று காலைதான் ரத்தாகியிருக்கிறது,
இரண்டும் சேர்த்து வேண்டுமா?

வேண்டாம் என்றேன்.
ஏழை மட்டும் மார்ச் வரைக்கும்
யாருக்கும் விற்றுவிடாதே.