அக்கட்ட, இக்கட்ட

வீரபாண்டிப் பிரிவுக்கு உள்ளே தள்ளி
சாயப்பட்டறையின் ஆய்வக அறை. இரவு ஷிப்ட்.
ஒரு பீக்கர், அறுபது டிகிரி வெந்நீர்,
அதில் மெரூன் சாயம், அளந்த உப்பு,
அதில் முங்கிக் கிடக்கும் ஐந்து கிராம் பனியன் துணி.

பத்து நிமிஷத்துக்கு ஒருதரம்
சொட்டுத் தண்ணி எடுத்துக் கருவியில் வைக்கிறேன்.
எண் இறங்கினால்
நிறம் துணியேறுகிறது என்று கணக்கு.
ஒன்று புள்ளி நாலு இரண்டு.
பூஜ்யம் புள்ளி ஒன்பது ஏழு.
ஏழு ஒன்று. ஆறு மூன்று.
ஆறு ஒன்று.
ஆறு ஒன்று.
ஆறு ஒன்று.

"நின்னு போச்சுங்களே" என்றார்
சூப்பர்வைசர் மருதாசலம்.
நோட்டில் அப்படியே எழுதச் சொல்லிவிட்டு
டீ குடிக்கப் போனார்.
நான் எழுதவில்லை.

எங்கே நின்றது?
முதலில் கூட்டமெல்லாம் துணிப்பக்கம் ஓடியது,
வெள்ளையில் அவ்வளவு இடம் கிடந்தது.
ஏறினவை நிறைய நிறைய
இறங்கி வருபவையும் கூடிப்போயின.
இப்போது அக்கட்ட போவது எத்தனையோ
இக்கட்ட வருவதும் அத்தனை.
கருவி பார்ப்பது தலைக்கணக்கு மட்டும்.
முகம் தெரியாது அதற்கு.

எங்கள் லைன் வீட்டுக்காரர் பொங்கியண்ணன் மாதிரி.
பன்னிரண்டு ரூம், பன்னிரண்டு வாடகை,
மாதக் கடைசியில் நோட்டில் ஒரே வரி:
மாறுதல் இல்லை.
போன வாரம்தான் ஏழாம் நம்பர் பிரஞ்சி
குக்கரையும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு
தன்பாத் வண்டி ஏறினான்.
மறுநாள் அதே ரூம் ஆணியில்
உசிலம்பட்டிக்காரர் சட்டை தொங்கியது.
மூன்றாம் நம்பர் காலியான அன்றே முன்னி வந்தாள்,
கையில் டிவி பெட்டி, அதற்குள் பாத்திரங்கள்.
நானே நாலாம் நம்பர்.
சனி ராத்திரி மூலனூர் பஸ்,
திங்கள் கோழி கூப்பிட இங்கே.
"செவந்தி எங்கியும் போறதில்லீங்க" என்பார்
கரண்டு பில்லைப் பார்த்து.

சந்தேகம் வந்துவிட்டது எனக்கே.
ரெண்டாவது பீக்கரிலும் அதே ஆறு ஒன்று.
அதில் என் வெள்ளைக் கைக்குட்டையில் பாதி கிழித்துப் போட்டேன்.
அரைமணி நேரம்.
கைக்குட்டை செம்பருத்திப் பூவாகிவிட்டது,
அது இருக்கட்டும், சாயத்தண்ணியில் கிடந்தால் ஏறத்தானே செய்யும்.
பக்கத்தில் கிடந்த மெரூன் துணியை
விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன்.
ஒரு நூலளவு வெளுத்திருந்தது.
நின்று போனதாகச் சொன்ன துணிதான்
தன் சாயத்தை இறக்கிவிட்டிருந்தது.

முதல் பீக்கருக்கு வந்தேன்.
இன்னொரு கரண்டி உப்பு:
எண் சரசரவென இறங்கி
நாலு எட்டில் போய் உட்கார்ந்தது.
உட்கார்ந்தது என்பதும் சும்மா பேச்சுக்குத்தான்.
மருதாசலம் வந்து, லேட்டாகுதுங்க என்று
சூட்டை எண்பதுக்குத் திருகினார்.
அவருக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான்.
சூட்டில் எல்லாம் வேகமாய் நடக்கும், வாஸ்தவம்,
போவதைவிட வருவது இன்னும் வேகமாய்.
துணியை விட்டுச் சாயம் திரும்பி வந்தது.
ஐந்து இரண்டு. ஐந்து ஐந்து.
அவர் எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
நான் குமிழியைப் பழையபடி அறுபதுக்குத் திருப்பினேன்.
ரெண்டுபேரும் ஒன்றும் பேசவில்லை.
ஆற ஆற எண்ணும் இறங்கி
நாலு எட்டுக்கே வந்து சேர்ந்தது.

தராசுத் தட்டில், காகிதத்தின் மேல்
நிறுத்து வைத்த சோடா.
இதைப் போட்டால் பேச்சு முடிந்தது.
சாயம் நூலோடு கை கோத்துக்கொள்ளும்,
அப்புறம் எத்தனை சலவை, எத்தனை வெயில்,
திரும்பி வருகிற வழியில்
புல் முளைத்துவிடும்.
ஆர்டர்காரனுக்கு அதுதான் வேண்டும்.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

மணி நாலே கால்.
வெளியே லோடு ஆட்டோவில் துணி உருளைகள் வந்து இறங்கின,
உலர்ந்தவை ஏறின.
நோட்டில் ஆறு ஒன்றுக்கு நேராக
ஒரு கோடு அக்கட்ட பார்க்க, ஒரு கோடு இக்கட்ட பார்க்க
ரெண்டு அம்பு போட்டேன்.
பிறகு சோடாவைக் கொட்டினேன்.

கைக்குட்டை கிடந்த பீக்கரில் மட்டும்
போடவில்லை.