குளிர் விடும்வரை

கயானி ரயில் நிலையத்திலிருந்து
இசைப்பள்ளிக்குப் பதினெட்டு நிமிட நடை.
மைனஸ் இருபத்தேழு.
டாக்சி ரசீதைச் சென்ற முறை
அவர்கள் ஏற்கவில்லை.

பெட்டியை ரேடியேட்டருக்கு எட்டாத மூலையில் கிடத்தினேன்.
பதினோரு பேர், மடியில் பதினோரு கிடார்.
"ஒரு மணி நேரத்துக்கு இதைத் திறக்க முடியாது" என்றேன்.
சூடான காற்று சட்டென்று பட்டால்
மேல்பலகை விரிசல் விட்டுவிடும்.
செடார் மரம். மூன்று தவணை இன்னும் பாக்கி.

யாரும் சிரிக்கவில்லை.
அது நகைச்சுவை என்று தெரியவில்லையோ,
அல்லது தெரிந்ததாலோ.

சுவரொட்டியில் என் படம்.
எட்டு வருடம் முந்தைய ஏதோ விழா,
பாதி முகத்தில் நீல ஒளி.
கீழே: "மெர்வி ஹக்காலா.
தொழில்முறைக் கலைஞருடன் ஒரு பிற்பகல்."
அந்தத் தொழில்முறைக் கலைஞர்
போன மாதம் வாசித்தது
ஒரு டயர் கம்பெனியின் ஆண்டு விருந்தில்,
தட்டுகளின் சத்தத்துக்கு நடுவே,
ஸ்பூனுக்குக் கொஞ்சம் மேலே.

"ஒரு நகம் மட்டும் ஏன் இவ்வளவு வெள்ளை?"
மோதிர விரல். நவம்பரில் ஒடிந்தது.
பிங்பாங் பந்தை வெட்டிப் பசை போட்டு ஒட்டியிருக்கிறேன்.
நகமும் சதையும் போல என்பார்கள்,
எனக்கு நகமும் பந்தும்.
என் கை வரிசையில் சுற்றி வந்தது,
கடன் கொடுத்த பொருள் மாதிரி.

வில்யாமி வேகமாக ஒன்றை வாசித்தான்.
பூட்டிய வாசலில் சாவி தேடுகிற விரல்கள்.
நன்றாகத்தான் இருந்தது.
என்ன சொல்வதென்று தெரியாமல்
"ஒரே ஒரு சுரம், ஆறாவது கம்பியில்.
எப்போது தீர்கிறதோ அப்போது
எல்லோரும் கை தூக்குங்கள்" என்றேன்.
திட்டமிட்ட பாடம் இல்லை இது.
நேரத்தை ஓட்ட வேண்டியிருந்தது.

ஏழாம் நொடியில் முதல் கை.
பிறகு இரண்டு, பிறகு கொத்தாக.
கடைசிவரை தூக்காதவர் எஸ்கோ.
அவர் தூங்கிப் போயிருந்தார்,
இரவெல்லாம் பனி தள்ளும் வண்டி ஓட்டிவிட்டு வந்தவர்.
எழுப்ப மனமில்லாமல்
எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கினோம்.

அதற்குள் அவர்களுக்குக் குளிர் விட்டுப் போயிருந்தது.
"மாதம் எவ்வளவு வரும்?"
சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை.
"வாசிப்பதற்கு மட்டுமா?"
"இந்த வகுப்பையும் சேர்த்து."
"விட்டுவிடலாம் என்று தோன்றியதுண்டா?"
"ரயிலில்."
"எந்த ரயிலில்?"
"இன்று வந்ததில்."

ஜன்னலுக்கு வெளியே யாரோ
கார்க் கண்ணாடியின் உறைபனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.
நான்கு சுரண்டல், ஒரு மூச்சு. நான்கு சுரண்டல்.
அதையும் கொஞ்ச நேரம் கேட்டோம்.

ஒரு மணி பத்து நிமிடம்.
கொக்கிகளைச் சொடுக்கினேன்.
பெட்டிக்குள் இன்னும் கொஞ்சம் தெரு இருந்தது.
சுருதி மொத்தமும் சரிந்திருந்தது.

நாலு பேர் பார்க்கச் சுருதி சேர்ப்பது
நாலு பேர் பார்க்கப் பல் துலக்குவது.
எப்போதும் மேடைக்குப் பின்னால் முடித்துவிடுவேன்.
ஐந்தாவதை முடித்து நான்காவதுக்குப் போகையில்
அதுவரை வாய் திறக்காத ஹெத்தா
"இன்னும் இறக்கம்" என்றாள்.
இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
இருந்தது. மயிரிழை.

பிறகு அவளே எழுந்து
ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து நின்றாள்.
முடுக்கு. போதும். கொஞ்சம் விடு.
பதினோரு கிடார், அறுபத்தாறு கம்பி.
நான் ஓரமாக உட்கார்ந்து
ஒட்டிய நகத்தின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்கு அறை டிராம்போன்காரர்களுடையது.
கதவுக் கண்ணாடியில் அவர்களுடைய மூக்குகள்.
எனக்கு மிஞ்சியது இரண்டு நிமிடம்.
வாசித்தேன்.
முடிவில் ஒரு சுரத்தை அப்படியே விட்டேன்.
யாரும் கை தூக்கவில்லை.
எஸ்கோ விழித்திருந்தார்.
டிராம்போன்கள் உள்ளே வந்துவிட்டன.

ரயிலில் பில் எழுதுகிறேன்.
பயிற்சி வகுப்பு, ஒன்றரை மணி நேரம்.
பயணம், இரண்டாம் வகுப்பு.
மேலே வரி உண்டு.
காத்திருந்ததற்கு ஒரு வரி இல்லை.

எதிர் இருக்கையில் பெட்டி,
நிலையத்தில் அப்பிய பனி
அதன் விளிம்பில் சொட்டுகிறது.
வீடு சேர்ந்தாலும்
உடனே திறக்க முடியாது.