இருபத்தெட்டு மில்லிமீட்டர்

வாசலின் அகலம் அவ்வளவுதான்.
நாலு மில்லிமீட்டர் கூடினாலும்
பெரிய சிட்டு வந்து குடியேறிவிடும் என்றான்
துளைக்கருவி விற்றவன்.
குரோனிங்கனில் பனி உருகாத ஜனவரி.

கூரைக்கு அடியில், முகம் கவிழ்த்து,
கேமராவைப் பொருத்தினேன்.
பெட்டியின் தரையில் ஒரு தீப்பெட்டி வைத்து
அதன் எழுத்து திரையில் தெளியும்வரை
வில்லையைத் திருகினேன், மயிரிழை மயிரிழையாக.
கம்பி அடுக்களை ஜன்னல் வழியே வந்தது.
ஜன்னல் அதன்பிறகு மூடவில்லை.

"யாரோ படுக்கையறையை எட்டிப்பார்க்க
நாம் விறைத்துச் சாக வேண்டுமா?" என்றான் மென்னோ,
காலுறைமேல் காலுறை மாட்டியபடி.

மார்ச்சில் பாசி வந்தது.
ஏப்ரலில் நீலச்சிட்டு
மார்பால் அழுத்தி அழுத்திச் சுழன்று
ஒரு கிண்ணம் செய்தாள்.
நீலம் என்பது எங்கள் நம்பிக்கை.
அகச்சிவப்பு வெளிச்சத்தில் எல்லாம் சாம்பல்.
சாம்பல் சிறகு. சாம்பல் முட்டை ஒன்பது.
நடுவில் வெளுப்பாய் ஏதோ:
நான் முயல்மயிர் என்றேன்,
அவன் மருந்துப் பஞ்சு என்றான்.
இரண்டு நாள் அதையே பேசினோம்.

மே ஐந்தாம் தேதி
ஒரு சிலந்தி வில்லையின் குறுக்கே நெய்தது.
திரை முழுக்கப் புகை.
ஒரு துணி, ஒரு துடைப்பு, அரை நிமிடம் போதும் என்று
ஏணியைத் தேடிப் போனேன்.
கொட்டகையில் இல்லை.
வேலியோரம் இல்லை.
மென்னோ செய்தித்தாளிலிருந்து கண்ணெடுக்காமல்
"அடைகாக்கிறாள்" என்றான்.

அதற்குப்பின் காதால் பார்த்தோம்.
உரசல், சிறு தட்டல்,
நெடுநேரம் ஒன்றுமில்லை.
பிறகொரு விடியலில்
உப்புத்தாள் தேய்ப்பது போல
எத்தனை வாய் என்று எண்ணமுடியாத பசி.
நாலரைக்கே எழுந்து
போர்வையோடு புகைமுன் உட்கார்ந்தவன்
குளிரைப் பற்றிப் பேசவே இல்லை.

ஜூனில் ஒருநாள் சத்தம் நின்றது.
நல்லதற்கா கெட்டதற்கா,
திரைக்குத் தெரியாது.

அக்டோபரில்
பக்கத்துவீட்டு மாடியிலிருந்து
ஏணி திரும்பி வந்தது.
மூடியைத் திறந்தேன்.
பொரியாத முட்டை ஒன்று.
செத்தது எதுவும் இல்லை.
பழுத்த பாசியின் நடுவே
கண்ணைக் கூசும் மஞ்சள்:
டென்னிஸ் பந்தின் ரோமம்,
யார் வீட்டு நாயோ கடித்துத் துப்பியது.
முயலும் இல்லை, பஞ்சும் இல்லை.
எட்டுக் குஞ்சுகள்
இந்த மஞ்சளுக்குள் கிடந்திருக்கின்றன.

தெள்ளுப்பூச்சிகளுக்காகக் கொதிநீர் ஊற்றினேன்.
வில்லையைத் துடைத்தேன்.
அரை நிமிடம்கூட ஆகவில்லை.
கீழே ஏணியைப் பிடித்திருந்தவனிடம்
அதை நான் சொல்லவில்லை.