ஒருநாள் சுற்று, மதியச் சாப்பாடு உட்பட

காலை ஆறரை. உப்புவெளி விடுதி வாசலில்
நான்கு பேர், ஐந்து தொப்பி.
ஈரோட்டுக் குடும்பம்.
தமிழ்ச் சனம்தானே, உனக்கு வேலை லேசு
என்றார் மரியநாயகம் முதலாளி.

"வடிவான இடம், பாருங்கோ" என்றேன்
நிலாவெளிக் கடல் தெரிந்ததும்.
"என்ன வடிவம்?" என்றாள் சின்னவள், மிதுனா.
வட்டமா முக்கோணமா என்று
கண்ணாடியில் மூக்கைப் பதித்துத் தேடினாள்.

புறாமலைக்குப் படகு.
அப்பா தண்ணீருக்குள் முகம் வைத்து
சுறாக்குட்டி பார்த்ததாகச் சொன்னார்;
பெரியவள் நம்பவில்லை, காதில் பாட்டு.
கரையெங்கும் செத்த பவளம்,
மிதித்தால் பீங்கான் போலச் சத்தம்.
எடுக்கக் கூடாது என்று பலகை மூன்று மொழியில் சொல்லும்.
மூன்றையும் வாசித்துவிட்டு
ஆளுக்கொன்று பொக்கற்றில் போடுவார்கள் மற்றவர்கள்.
இவர்கள் போடவில்லை.
அம்மா மட்டும் ஐந்தாவது தொப்பியை மடியில் வைத்து
விளிம்பை விரலால் சுற்றிக்கொண்டே இருந்தாள்.
ஒரு மாங்காய் கொள்ளும் அளவு. வெள்ளை.

கன்னியா. ஏழு கிணறு, ஏழு சூடு.
தாய்க்குக் கருமம் செய்ய
இராவணன் வாளால் குத்திய இடம் என்றேன்.
வேறு கதைகளும் உண்டு,
அவற்றைச் சொல்ல வேறு வழிகாட்டிகள் உண்டு.
மிதுனா வாளியால் அள்ளிக் காலில் ஊற்றிக் கத்தினாள்.
பிறகு கிணற்றுக் கட்டுகளை எண்ணினாள்:
"எல்லாம் சதுரம்! அப்ப இதுதான் வடிவு."
நான் திருத்தவில்லை.

சாப்பாடு: சூரை மீன் குழம்பு, வெண்டிக்காய், பப்படம்.
உறைப்பில் கண் கலங்கிய அப்பா
இரண்டாம் முறையும் குழம்பு கேட்டார்.

நாலரைப் பூசைக்குக் கோட்டைக்குள் ஏறினோம்.
கோயிலை இடித்துப் போர்த்துக்கேயன் அடுக்கிய கல்,
ஆங்கிலேயன் வைத்த பெயர்,
வாசலில் இன்றைய சிப்பாய், உச்சியில் கோணேசர்.
இராவணன் வெட்டில் எட்டிப் பார்க்கிறவர்களின்
சட்டையைப் பின்னால் பிடிப்பதும்
என் சம்பளத்தில் அடக்கம்.
அங்கே விளிம்பு மரத்தில்
பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய குட்டித் தொட்டில்கள்
காற்றுக்கு ஆடும்.
அம்மா போய் அதில் தொப்பியைக் கட்டினாள்.
முடிச்சு அவிழ்ந்தது. மறுபடி கட்டினாள்.
அப்பா கடலைப் படம் எடுத்தார்,
ஒரே கடலை, பத்துப் பன்னிரண்டு தடவை.
தொட்டில் கேட்பதற்கு.
தொப்பி எதற்கென்று நான் கேட்கவில்லை.

இருட்டி, உட்துறைமுக வீதியால் வரும்போது
அந்த இடத்தில் என் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது.
சாவடியை எடுத்துப் பல வருஷம்.
இப்போது ஐஸ்கிறீம் கடை.
காலுக்கு யாரும் சொல்லவில்லை போல.
"ஏன் நிறுத்துறீங்க?" என்றாள் பெரியவள்,
காதிலிருந்து பாட்டைக் கழற்றி.
"மான் வரும்."
வரவில்லை. லைற் வெளிச்சத்தில் வெறும் ரோட்டு.
"கொஞ்சம் நிக்கட்டுமே" என்றாள் அம்மா, பின்னாலிருந்து.

நின்றோம், எஞ்சின் ஓட.
பிறகு ஒன்று வந்தது ஒழுங்கையால், அவசரமில்லாமல்,
வாயில் பிஸ்கட் பெட்டி அட்டை.
"வடிவு" என்றாள் மிதுனா.
மானையா அட்டையையா, தெரியவில்லை.